உறைக்கு ஒரு துளி

ஸ்டிக்கர் பொட்டு மூன்றாவது முறையாக விழுந்தபோதுகூட நான் அதை அறிவியலாகப் பார்க்கவில்லை. சகுனமாகத்தான் பார்த்தேன். பதினோரு வருடங்களாக ஒரு வாரப் பத்திரிகையில் அறிவியல் பத்தி எழுதுகிறவள் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பின்னால் ஒப்புக்கொள்ள இதைவிட மோசமானவை இருக்கின்றன.

முதல் பொட்டு வத்தக்குழம்பில் விழுந்தது. இரண்டாவது, மின்பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். மூன்றாவது, நான் கண்ணாடி முன் நின்றுகொண்டிருக்கும்போதே நெற்றியிலிருந்து மூக்கு வழியாக வழுக்கி இறங்கி, உதட்டுக்கு மேல் சற்று நேரம் மச்சம்போல நின்று, பிறகு விழுந்தது. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று நினைத்தேன். அது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. நடத்தியவளும் நான்தான்.

என் பத்தியின் பெயர் ‘தோலுக்குள்’. என் பெயர் செண்பகம். படித்தது பி.காம். அழகுசாதனங்களில் ஒளிந்திருக்கும் பெட்ரோலியம்தான் பதினோரு வருடங்களாக என் எதிரி. முகத்துக்குப் போடும் கிரீம், உதட்டுச் சாயம், குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று எதை எடுத்தாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன். “நீங்கள் பூசுவது கிரீம் அல்ல, பூமிக்கடியில் கோடி வருடம் அழுகிய பிணங்கள்” என்று ஒருமுறை எழுதினேன். அந்த வாரம் எழுநூறு கடிதங்கள் வந்தன. எழுநூறு கடிதம் கொண்டுவந்த வாக்கியத்தைத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் எழுதியது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பதைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால், உடம்புக்கு ஆகாத சில பொருள்கள் அதில் தங்கிவிடும். ‘சரியாகச் சுத்திகரிக்காவிட்டால்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் இடப் பற்றாக்குறை காரணமாக நான் விட்டுவிடுவது வழக்கம்.

இந்த நிலையில்தான் ‘நிர்மலம்’ கடைக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன் எங்கோ ஒரு கழிமுகத்தில் கப்பல் எண்ணெய் கொட்டி, ஊர்க்காரர்கள் அதைப் பக்கெட்டில் அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், அந்தச் சேற்றில் தானாகவே பெருகி எண்ணெயைத் தின்ற ஒரு நுண்ணுயிரை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்து, சாதுவாக்கி, கண்ணாடிக் குப்பியில் அடைத்துவிட்டார்கள். முகத்தில் தேய்த்தால் தோலில் தங்கிய பெட்ரோலிய எச்சங்களைத் தின்றுவிடும். நான்கு நாளில் தானும் செத்துவிடும். அது உயிர்வாழத் தேவையான ஒரு சத்து அந்தக் குப்பிக்குள் மட்டும்தான் உண்டு, வெளியே கிடைக்காது. ஐந்தாம் நாள் வேறு குப்பி வாங்க வேண்டும். விலையைக் கேட்டாலே முகம் வெளுத்துவிடும், தேய்க்கவே வேண்டாம்.

பத்திரிகைக்கு வந்த இலவசக் குப்பியை நான் தீர்த்த அன்று பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா வந்திருந்தார்.

“நாலு நாள்ல செத்துடுமா? ஏன் சாவணும்? தயிரு சாவுதா?”

“அது வேறக்கா. இதுக்குன்னு தனியா ஒரு சத்து போட்டிருக்காங்க. அது இல்லன்னா பொழைக்காது.”

“நான் பொழைக்க வைக்கறேன் பாரு. பத்து வருஷமா எங்க வீட்ல உறை வாங்கினதே இல்ல, தெரியும்ல? எங்கம்மா வீட்லேர்ந்து வந்த தயிரு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.”

குப்பியின் அடியில் ஒட்டியிருந்ததை அவர் வடிகஞ்சியில் கழுவி ஊற்றி, மெழுகுவத்தியைச் சீவிப் போட்டு, எட்டு டம்ளர்களாகப் பிரித்து ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் வைத்தார். எட்டும் செத்தன. எட்டாவது டம்ளரின் கசடை வைத்து ஒன்பதாவது ஊற்றினார். மறுநாள் காலையில் ஒன்பதாவது டம்ளரில் மெழுகுத் துருவலைக் காணோம்.

“தின்னுடுச்சு செம்பா!” என்று அவர் கதவைத் தட்டியபோது, ஒரு விஞ்ஞானி தன் வாழ்நாளில் ஒருமுறை அடையும் சந்தோஷத்தை நான் அடைந்தேன். வேறொருவர் செய்த வேலைக்காக அடைந்தேன்.

‘வீட்டிலேயே உறை ஊற்றுவது எப்படி?’ என்ற அந்த வாரப் பத்திதான் நான் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் உறை இல்லாத தெரு இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். செவ்வாய், வெள்ளியில் கொடுக்கக்கூடாது, விளக்கு வைத்த பிறகு கொடுக்கக்கூடாது என்று தயிர் உறைக்கு உள்ள சட்டமெல்லாம் யாரும் சொல்லாமலே இதற்கும் வந்துசேர்ந்தது. ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்னக் குப்பி உறையும் கொடுத்தார்கள். நிறுவனத்தார் தொலைக்காட்சியில் தோன்றி, “தயவுசெய்து வீட்டில் வளர்க்காதீர்கள், அது மாறிவிடும்” என்று கெஞ்சினார்கள். விற்பனை படுத்துவிட்ட வயிற்றெரிச்சல் என்று எழுதினேன். அதற்கு ஐந்நூறு கடிதங்கள்.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமயந்தி இதே கட்டடத்தில் எனக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறாள். மெட்ரோ ரயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை. மாப்பிள்ளை வருடத்தில் எட்டு மாதம் கப்பலில் இருப்பார். ஒரே மகள் நிறைமதி, ஏழு வயது. பள்ளி விட்டு மூன்றரைக்கு என் வீட்டுக்கு வருவாள். ஆறு மணிக்கு அம்மா வந்து அழைத்துப்போவாள். எனக்குக் கல்யாணம் நடந்து, நின்று, முடிந்தும் போய்விட்டது. அந்த இரண்டரை மணி நேரம் போக மீதி நாளை நான் எழுதி ஓட்டுகிறேன் என்பதுதான் உண்மை.

பிறந்ததிலிருந்தே நிறைமதியின் தோலுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாது. கோடையில் ஏரி வெடிப்பதுபோல வெடித்து, செதில் செதிலாக எழும்பும். தீர்க்கும் மருந்து கிடையாது. குளித்த ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியை உடம்பு முழுக்க அப்பிவிட வேண்டும். காலையில் தமயந்தி அப்புவாள். மாலை நான்கு மணிக்கு நான்.

ஆம், காலையில் பெட்ரோலியத்துக்கு எதிராக எண்ணூறு சொற்கள் எழுதிவிட்டு, மாலையில் அதையே கை நிறைய அள்ளித் தங்கை மகளின் முதுகில் தேய்த்தேன். இதற்கென்று மனத்தில் ஒரு தனியறை வைத்திருந்தேன். அந்த அறைக்குள் போகும்போது எழுத்தாளரைச் செருப்போடு வெளியிலேயே விட்டுவிடுவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒருநாள் அவள் கேட்கும்வரை.

“பெரியம்மா, ஸ்கூல்ல என்னை வழுக்குமரம்னு கூப்பிடறாங்க.”

“யாருடி அது?”

“எல்லாரும். கபடில என்னைப் பிடிச்சா பிடியே நிக்கலையாம்.”

“அப்ப நீதானே ஜெயிக்கற?”

“என்னை டீம்லயே சேக்க மாட்டேங்கறாங்க பெரியம்மா. பிசுபிசு இல்லாம இருக்கவே முடியாதா?”

செருப்போடு வெளியே நின்றவள் உள்ளே வந்துவிட்டாள்.

மூன்று புதன்கிழமைகள். செவ்வாய் வெள்ளியில் உறை கொடுக்கக்கூடாது அல்லவா, அதனால் புதன். பஞ்சாங்கத்தை மதித்தேன், குழந்தையின் அம்மாவைக் கேட்கவில்லை. ஏழு வருடத்து எச்சத்தை மட்டும் உறை தின்றுவிடட்டும், தோல் ஒருமுறை மூச்சுவிட்டால் தானாகவே தேறிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட மரியாதையான சொல். என் கட்டுரைகளை நானே நம்பிவிட்டேன். மும்தாஜ் அக்காவின் டம்ளரிலிருந்து உறையை எடுத்து அந்தச் சின்ன முதுகில், வெடிப்புகளுக்குள் இறங்கும்படி நிதானமாகத் தேய்த்துவிட்டேன்.

மூன்றாவது புதன் முடிந்த மறுநாள் அவளுக்கு ஒரே குதூகலம். நான்கு மணிக்கு அப்பிய ஜெல்லி நாலரைக்குக் காணாமல் போயிருந்தது.

“மேஜிக் பெரியம்மா! பிசுபிசு போயே போயிடுச்சு!”

கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். நாற்பத்தாறு வயது.

ஐந்தாம் நாள் முழங்கை மடிப்புகளில் இரத்தம் வந்தது. ஏழாம் நாள் முதுகில் படுக்க முடியவில்லை. காய்ச்சலும் வந்தது. தமயந்தி விடுப்பு எடுத்துக்கொண்டு டப்பா டப்பாவாக ஜெல்லியை அப்பினாள். அப்பியதெல்லாம் மறைந்துகொண்டே இருந்தது.

தோல் மருத்துவர் ரெஜினா அதிகம் பேசாதவர். குழந்தையின் தோளில் ஒரு விரல் ஜெல்லியை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடத்தில் தோள் காய்ந்துவிட்டது. பிறகு என்னைக் கை நீட்டச் சொன்னார். என் உள்ளங்கையில் ஆறு நிமிடம்.

“பேரு என்னன்னு சொன்னீங்க?”

“செண்பகம்.”

“‘தோலுக்குள்’ செண்பகமா? எங்க மாமியார் உங்க பரம ரசிகை மேடம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயும் ஒரு டம்ளர் இருந்துச்சு. போன வாரம்தான் கொதிக்க வெச்சு ஊத்தினேன். மூணு நாளா என்கிட்ட பேசல.”

“ஆனா டாக்டர், அது நாலு நாள்ல செத்துடணும் இல்லையா?” என்றாள் தமயந்தி.

“சாகணும்னுதான் செஞ்சாங்க. நாம சாக விடல. டம்ளருக்கு டம்ளர் மாத்தறப்ப, அந்தச் சத்து இல்லாம தாக்குப்பிடிச்சது மட்டும் மிஞ்சிச்சு. அதையே அடுத்த வீட்டுக்குக் குடுத்தோம். இப்ப அதுக்கு யார் தயவும் தேவையில்ல. பெட்ரோலியத்துலேர்ந்து வந்தது எதுவா இருந்தாலும் தின்னும். ஸ்டிக்கர் பொட்டுப் பசை, உதட்டுச் சாயம், எல்லாம். நமக்கு அதனால பெரிய நஷ்டம் இல்ல. இவளுக்குத்தான்.”

அந்த நேரத்திலும் நான் என்ன கேட்டேன் தெரியுமா?

“ஆனா ஜெல்லி கெடுதல்தானே டாக்டர்?”

தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் என்னவோ பொறுமையாகத்தான் சொன்னார்.

“சுத்திகரிக்காதது கெடுதல். அதுல நீங்க எழுதினது சரிதான். வண்டிக்குப் போடற கிரீஸை யாரும் மேல பூசிக்கக் கூடாது. இந்த டப்பாவுல இருக்கறது அந்த அசுத்தமெல்லாம் எடுத்தது. நீங்க ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சுத் திட்டினீங்க. இந்தக் குழந்தைக்கு இது கிரீம் இல்ல மேடம், தோல். தோலைத்தான் அது தின்னுக்கிட்டு இருக்கு.”

பிறகு ஒன்று கேட்டார். “இது தொட்டு ஒட்டினதா, இல்ல யாராவது தேச்சு விட்டதா?”

“யார் டாக்டர் தேக்கப்போறாங்க? அக்காகிட்டேர்ந்து ஒட்டியிருக்கும்.”

“ஒட்டினதுன்னா மேலாப்பல இருக்கும். மருந்து சோப் போட்டு ஒரு நாளைக்கு நாலு தடவ, ஒரு வாரம் கழுவுங்க. எரியும், ஆனா போயிடும். தேச்சதுன்னா வெடிப்புக்குள்ள போய் உக்காந்திருக்கும். அப்ப கழுவவே கூடாது. கழுவக் கழுவ வெடிப்புதான் ஆழமாகும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்று சனிக்கிழமை, ஏகாதசி என்று போட்டிருந்தது.

எங்கள் கட்டடத்தில் குளியலறைகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. காற்றுக்காக விட்ட இடைவெளி வழியே கீழ் வீட்டில் சோப்பு விழுந்தால்கூட மேலே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை நான்கு முறை கேட்டது. முதல் முறை, “அம்மா வேணாம்மா.” இரண்டாம் முறை வெறும் அலறல். மூன்றாம் முறை தமயந்தியின் அழுகையும் சேர்ந்து கேட்டது. நான் என் குளியலறையில் கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, உண்மையை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொன்னால் இனி மூன்றரை மணிக்கு யாரும் என் கதவைத் தட்டமாட்டார்கள். சொல்லாவிட்டாலும் கழுவல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், ஒருவேளை போய்க்கூடப் போய்விடலாம் என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இடப் பற்றாக்குறை காரணமாக இரண்டு சொற்களை விட்டுவிடலாம் என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்த குரல்.

வெட்கத்தோடு சொல்கிறேன், பக்கெட்டில் உட்கார்ந்தபடி என் மன்னிப்புக்கு ஒரு தலைப்புகூட யோசித்தேன். நல்ல தலைப்பாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நான்காவது கழுவலுக்குத் தண்ணீர் திறந்த சத்தம் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அவர்கள் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

“கழுவாத தமி. ஒட்டினது இல்ல. நான்தான் தேச்சேன்.”

தண்ணீர் நின்றது. கதவு திறந்தது. தமயந்தியின் முழங்கைவரை சோப்பு நுரை.

“எத்தன தடவ?”

“மூணு.”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப.”

“சனிக்கிழம டாக்டர் கேட்டாங்களே. அப்ப?”

உள்ளே துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற நிறைமதி, “அப்ப இனிமே கழுவ வேணாமாம்மா?” என்றாள். அவளுக்கு அந்த ஒன்றுதான் முக்கியம். நியாயம்தான்.

தமயந்தி கையைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லட்டுமா? உன் பத்திய நான் ஒண்ணுகூடப் படிச்சது இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்க. நான் மாட்டேன். ஏன் தெரியுமா? படிச்சா உன் கையில குழந்தைய விட முடியாது. குழந்தைய விடணும்னுதான் படிக்கல.”

பதினோரு வருடத்தில் எனக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் சிறந்தது.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னபோது டாக்டர் கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. உள்ளே இறங்கியதை வெளியே இழுக்கத்தான் முடியும் என்றார். இருக்கும் இடத்தைவிடப் பிடித்த சாப்பாடு பக்கத்திலேயே, உடம்புச் சூட்டில், வியர்வை ஈரத்தோடு இருந்தால் அது மெல்ல நகர்ந்து அங்கே போய்விடும். ஆய்வகத்தில் அதற்கென்று சூடான பட்டைகள் செய்கிறார்கள். வரிசையில் பெயர் கொடுத்தால் ஏழு மாதம் ஆகும்.

“ஏழு மாசமா?”

“உங்க வாசகர்கள் நிறைய பேர் வரிசையில இருக்காங்க மேடம்.”

“பிடிச்ச சாப்பாடுன்னா எது டாக்டர்?”

“நீங்க எழுதினீங்களே, அந்த அசுத்தம்தான். சுத்திகரிக்காததுதான் அதுக்கு விருந்து.”

“உடம்புச் சூடுன்னா... என் உடம்பு ஆகாதா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “கை புண்ணாகும். நான் வேணாம்னுதான் சொல்லணும். பதினோரு வருஷமா நீங்க பயமுறுத்தினது கிரீஸ் விஷயத்துல நிஜம்.”

“ஒரு விஷயத்துலயாவது நிஜமா இருந்தேனே டாக்டர்.”

வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது முறை நிபந்தனைகள் சொன்னார். ஒரு கை மட்டும். ஒரு மணி நேரம் மட்டும். குழந்தைக்கும் கைக்கும் நடுவே இரண்டு மடிப்பு மல் துணி, குழந்தைமேல் கிரீஸ் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பேரும் வந்து காட்ட வேண்டும். வீட்டு முறை என்று எங்கும் எழுதக்கூடாது. கடைசி நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டார்.

கிரீஸ் மும்தாஜ் அக்கா வீட்டில் கிடைத்தது. அவர் கணவர் பெட்ரோல் ஆட்டோ ஓட்டிய காலத்து டப்பா.

“ஆட்டோ போச்சு, டப்பா மட்டும் கெடந்துச்சு. எதுக்காவது ஒதவும்னு வெச்சிருந்தேன்” என்று கொடுத்தவர், என் முகத்தைப் பார்க்காமல், “நான் எட்டாவது டம்ளரோட நிறுத்தியிருக்கணும் செம்பா” என்றார்.

“நான் ஒன்பதாவதைப் பத்தி எழுதாம இருந்திருக்கணும்க்கா.”

மாலை நான்கு மணி. பழைய நேரம்தான். நிறைமதி பாயில் குப்புறப் படுத்திருப்பாள். முதுகில் மல் துணி. அதன்மேல், கறுப்பு கிரீஸ் பூசிய என் இடது கை. எதிரே நாற்காலியில் தமயந்தி. அவள் என்னைப் பார்க்கமாட்டாள், என் கையை மட்டும் பார்ப்பாள். பேசவும் மாட்டாள். ‘அக்கா’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். “தண்ணி வேணுமா?” என்பதுபோலப் பெயரே இல்லாமல் பேசிக்கொள்வோம்.

நான்காம் நாள் என் கை எரிய ஆரம்பித்தது. ஆறாம் நாள் கொப்புளம். கெடுதல் என்று நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் என் தோல் வரிசையாக உறுதிசெய்தது. அதில் ஒரு அற்ப சந்தோஷமும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

நிறைமதி ஒருநாள் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தாள்.

“பெரியம்மா, இப்ப நீதான் வழுக்குமரம்.”

தமயந்தி சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சிரிக்கப் போனாளா, அழப் போனாளா என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் குழந்தையின் தோளில் ஜெல்லியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம். நாற்பது நிமிடம். ஒரு மணி நேரம் ஆகியும் ஜெல்லி இருந்தது. பளபளவென்று, பிசுபிசுவென்று, அசிங்கமாக, அப்படியே இருந்தது. தமயந்தி அதை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இது முழுக்க இப்ப உங்ககிட்ட இருக்கு மேடம்” என்றார் டாக்டர். “பட்டினி போட்டாத்தான் சாகும். அதுவரைக்கும் குழந்தையத் தொடாதீங்க. ஆறடி தள்ளியே இருங்க.”

“எப்பச் செத்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“காலைல ஒரு ஸ்டிக்கர் பொட்டு வெச்சுக்குங்க. அன்னிக்கு முழுக்க அது ஒண்ணுதான் அதுக்குச் சாப்பாடு. சாயந்திரம் வரைக்கும் விழாம நின்னா, தின்ன ஆள் இல்லன்னு அர்த்தம்.”

பெட்ரோலியம் இல்லாமல் வாழ்வது எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். அப்படித்தான் வாழ்வதாகப் பதினோரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பல் துலக்கும் பிரஷ், சீப்பு, நைட்டி, செருப்பு, தலையணை உறை, வாளி, கண்ணாடிச் சட்டம், நான் எழுதும் பேனா, எழுதிப் பணம் பண்ணிய விசைப்பலகை. பருத்திச் சேலையின் ஃபால்ஸ்கூட அங்கிருந்து வந்ததுதான். வேப்பங்குச்சி, பித்தளைச் சொம்பு, கோரைப்பாய் என்று வாழ ஆரம்பித்தேன். பென்சிலால் எழுதினேன். முதலில் எழுதியது, பத்தியை நிறுத்திக்கொள்கிறேன் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம். நிறுத்துவதற்கு முன் ஒரு கடைசிப் பத்தி: உறையைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள், ஜெல்லி தேவைப்படும் குழந்தைகளை விட்டு விலகியிருங்கள், தவறு என்னுடையது. முப்பது கடிதங்கள் வந்தன. இருபத்தொன்பது பேர் உறை கேட்டிருந்தார்கள்.

தினமும் காலையில் என் வீட்டு நிலைப்படியில் ஒரு பொட்டு இருக்கும். நிறைமதி பள்ளிக்குப் போகும்போது ஒட்டிவைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் பச்சை, ஒருநாள் கல் வைத்தது. மாலை ஆறு மணிக்குத் தாயும் மகளும் நடைவழியில் ஆறடி தள்ளி வந்து நின்று என் நெற்றியைப் பார்ப்பார்கள். வெற்று நெற்றி. “எப்ப விழுந்துச்சு?” “பத்தரைக்கு.” போய்விடுவார்கள். இரண்டாவது வாரம் மதியம்வரை நின்றது. மூன்றாவது வாரம் மூன்று மணி.

முப்பத்திரண்டாம் நாள் நிறைமதிக்கு எட்டாவது பிறந்தநாள். நிலைப்படியில் சிவப்புப் பொட்டும், கீழே ஒரு சீட்டும் இருந்தன. ‘இன்னைக்கு நிக்கணும் பெரியம்மா.’

நாலரை மணிக்கு அது விழுந்தது. என் உள்ளங்கையில்தான் விழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சோற்றுப் பானை பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு பருக்கை. வெறும் அரிசி, தாவரப் பொருள், முழுக்க இயற்கையானது. நசுக்கி, பின்பக்கம் தடவி, ஒட்டினேன். நின்றது. இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே, மூன்று மணியிலிருந்து நாலரைக்கு வந்தது ஆறுக்கு வராதா, ஏறக்குறைய செத்தேதான் இருக்கும் என்று அந்தக் குரல் சொன்னது.

ஆறு மணிக்கு நிறைமதி புதுப் பாவாடையில் வந்தாள். கையில் கேக் தட்டு. கழுத்தெல்லாம் ஜெல்லி மினுமினுத்தது. தமயந்தி என் நெற்றியைப் பார்த்தாள். இன்னொருமுறை உற்றுப் பார்த்தாள்.

“நிக்குதுக்கா” என்றாள்.

நாற்பத்து நான்கு நாட்களுக்குப் பிறகு வந்த ‘அக்கா’.

நிறைமதி தட்டை அம்மாவிடம் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். ஆறடி என்பது எட்டு வயதுக்கு நான்கு எட்டு. மூன்றாவது எட்டில் என் கை தானாக உயர்ந்தது.

“நில்லு! வராத!”

நின்றாள். நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன். நெற்றியிலிருந்து பொட்டைப் பிய்த்துத் திருப்பிக் காட்டினேன்.

“சோறு” என்றேன். “நாலரைக்கே விழுந்துடுச்சு. சோறு வெச்சு ஒட்டினேன்.”

நடைவழியில் யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. தமயந்தி மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தானே முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, என் விரலில் இருந்த பொட்டைப் பார்த்தாள்.

“பொன்னி அரிசியா?”

“ஆமா.”

“கொழைய விட்டிருக்க.” அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. “நாளைக்கு வேற பொட்டு வெக்கறோம்க்கா.”

“அப்ப இன்னைக்குக் கட்டிப்பிடிக்க முடியாதா?” என்றாள் நிறைமதி.

“முடியாதுடா.”

“நாளைக்கு?”

“தெரியல. எப்ப விழுதுன்னு உண்மையச் சொல்றேன்.”

கேக் தட்டைத் தரையில் வைத்து, ஒரு கம்பால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து தமயந்தி நெற்றியைப் பார்ப்பதோடு விடுவதில்லை. பொட்டை எடுத்துத் திருப்பிக் காட்டச் சொல்கிறாள். காட்டுகிறேன். இன்று ஐந்து ஐம்பதுவரை நின்றது.